சாக்கடையில் ஊற்றிய சாறு

குண்டடம்
9 பிப்ரவரி 2025

என் அக்கா மகளும் திருப்பூர் மெஸ் உலகின் மகாராணியுமான தரணி அம்மணிக்கு,

ஆத்தப்பன் மாமா எழுதுவது. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பமாட்டாள். வழியில் தபால்காரர் பிரித்துப் படித்தால் அவரும் நம்பமாட்டார். குண்டடத்துக் காற்றாலைகள் அத்தனையும் சாட்சியாக, எவராலும் நம்ப முடியாத ஒரு வரலாற்றைச் சொல்வேன் என்று உறுதி கூறித் தொடங்குகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், உன் மெஸ்ஸில் தட்டும் டம்ளருமாக வரிசையில் நின்ற பனியன் கம்பெனிப் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும் என் சாற்று அண்டாவைச் சாக்கடையில் கவிழ்த்தாய் அல்லவா? கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாய். அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

சாக்கடையோரம் படுத்திருந்த சொறிநாய் ஒரு நக்கு நக்கியது. சொறி உதிர்ந்தது, முடி முளைத்தது. பொழுது சாய்வதற்குள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலைக்கு மனுப் போட்டுவிட்டது. அடுத்தது கொசுக்கள். ஒவ்வொன்றும் வெள்ளாட்டுக் குட்டி அளவுக்கு வளர்ந்து, இனி மனித ரத்தத்தைத் தொடுவதில்லை, ஆத்தப்பன் சாறு மட்டும் போதும் என்று சபதம் எடுத்தன. சாறு அங்கிருந்து நொய்யலுக்குப் போனது. வருடக்கணக்கில் நுரைதள்ளிக் கிடந்த ஆறு எழுந்து உட்கார்ந்து ஓர் ஏப்பம் விட்டது. ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் கேட்டதாம்.

நாய் குடித்தது, கொசு குடித்தது, ஆறு குடித்தது. டம்ளரோடு நின்ற அந்தப் பிள்ளைகள் மட்டும் குடிக்கவில்லை. காலையில் டீயும் பன்னும் தின்றுவிட்டு மிஷினில் உட்கார்ந்த பிள்ளைகள், தரணி.

அந்த அண்டாவில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாதா? அரசாணிக்காயின் (டவுன்காரர்களுக்குப் பரங்கிக்காய்) தோலும் அதன் நடுவிலிருந்து வழித்த பஞ்சும். காலிபிளவரின் தடித்த தண்டு, நார் உரித்து. கொத்தமல்லிக்கட்டின் வேர், மண் போக அலசி. கீரைத்தண்டு, தோலோடு நசுக்கிய பூண்டு. இவ்வளவும் கொள்ளு வேகவைத்த தண்ணீரில் கொதித்துக் கொதித்து, வடிகட்டி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, நல்லெண்ணெயில் தாளித்து இறக்கியபோது பக்கத்துச் சாயப்பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு மூக்கைத் தூக்கினார்கள். நான் சமைக்க வந்த மூன்று வருடமாக உன் மெஸ்ஸில் ஒரு காம்பு வெளியே போனதில்லை. அந்த மூன்று வருடத்தையும் நீ ஒரே கவிழ்ப்பில் ஊற்றிவிட்டு, "கெளம்புங்க மாமா" என்றாய்.

கிளம்பிவிட்டேன். அன்றிரவே என் போன் நம்பரையும் பிளாக் செய்துவிட்டாய். தபால் இலாகாவைப் பிளாக் செய்ய உன்னால் முடியாது. ஆகவே இது வந்து சேரும்.

என் எழுத்து கோணிக்கொண்டு போவதற்குக் காரணம் வயதல்ல, ஆத்திரம்.

இப்போதைக்கு உன் மாமன்தான்,
ஆத்தப்பன்

*

திருப்பூர்
13 பிப்ரவரி 2025

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. நாய்க்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம். எனக்கு வேலை போகப்போகிறது.

போனில் உங்களோடு சண்டை போட முடியாது. நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் ஒரு கதையை எடுத்துவிடுவீர்கள், நான் சிரித்துவிடுவேன். அதற்காகத்தான் பிளாக் செய்தேன். இந்த முறை சிரிக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

நீங்கள் கொசுவுக்குக் கொடுத்த இடத்தில் பாதியைக்கூட நடந்த விஷயத்துக்குக் கொடுக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை வந்தவர் யார்? பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்காகக் கம்பெனியை ஆடிட் செய்ய வந்தவர். தமிழ் தெரியாதவர். மொழிபெயர்க்க எச்.ஆர். பொண்ணு விஜயராணி கூட வந்தாள். மெஸ்ஸைப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். நீங்களாகப் போய் ஒரு டம்ளர் சாறு கொடுத்தீர்கள். ஊதி ஊதிக் குடித்தார். நன்றாக இருக்கிறது, எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். அதோடு "தேங்க்ஸ்ங்க" என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டீர்கள். கதை வரப்போகிறது என்று அர்த்தம்.

"ஏனுங்க, இதென்ன நேத்து வெச்ச சாறுன்னு நெனச்சீங்களா? அமராவதி டேம் கட்டறப்ப கல்லுச் சொமந்த ஆளுகளுக்கு எங்க அப்புச்சி அடுப்புல ஏத்துனதுங்க. அன்னைக்கு ஏத்துனது, இன்னும் எறக்குல. கொறயக் கொறயத் தண்ணி ஊத்தறதோட செரி. அண்டாவக் கழுவுனா ருசி போயிரும்னு எங்கூட்டுல ஒருத்தரும் கழுவறதே இல்லீங்க."

விஜயராணி திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, வேலையில் கெட்டிக்காரி. ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை விடாமல் எழுதினார்.

"உள்ள என்னென்ன போடறீங்கன்னு கேக்காரு தாத்தா."

"நீங்கெல்லாம் எதெத வேண்டாம்னு வீசறீங்களோ அதத்தானுங்க. தோலு, தண்டு, வேரு, காம்பு."

அதையும் எழுதினார்.

ரிப்போர்ட்டில் மூன்று குற்றம் இருக்கிறது. பல வருடமாகக் கழுவாத பாத்திரம். தலைமுறை தலைமுறையாக அடுப்பிலேயே இருக்கும் பழைய சாறு. காய்கறிக் கழிவைத் தொழிலாளர்களுக்கு உணவாகக் கொடுப்பது. மார்ச் பத்தாம் தேதி மறுபடி வருவார். அதற்குள் சரிசெய்யாவிட்டால் மெஸ் கோயம்புத்தூர்க் கேட்டரிங் ஒன்றுக்குப் போகும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கருத்தம்மாவும் மற்ற சமையல்காரப் பெண்களும் வீட்டுக்குப் போவார்கள். நான் மறுபடி செக்கிங் டேபிளில் நின்று பனியனில் ஓட்டை தேடுவேன். அந்த டியூப்லைட்டுக்குக் கீழே நின்று என் கண் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும்.

நம்ம ஊரில் நீங்கள் சொல்கிற கதையை எல்லோரும் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தாள் எழுதிக்கொண்டார், மாமா.

தரணி

*

குண்டடம்
17 பிப்ரவரி 2025

தரணி,

அம்மணி என்று எழுதவில்லை, கவனித்தாயா? கோபம் முற்றிவிட்டது.

அறுபத்துமூன்று வருடமாகப் பேசுகிறேன். யானையை விழுங்கிய தவளையைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். பல்லடம் ரோட்டில் என்னிடம் வழி கேட்ட பேயைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். என் சொந்தக் கல்யாணம் ஏன் நின்றது என்பதற்குப் பதினாறு காரணங்கள் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொன்றிலும் ஒரு சிறுத்தை வரும். இதுவரை ஒருவர் நம்பியதுண்டா? நான் சொல்வதை நம்பாமல் இருப்பதுதானே இந்தக் குடும்பம் எனக்குச் செய்கிற மரியாதை! பேனாவும் அட்டையுமாக ஒரு மனிதன் வந்து என்னை நம்பித் தொலைத்தால் அதற்கு நானா பொறுப்பு?

சரி, அவர் அயலூர்க்காரர், விட்டுவிடலாம். நீ?

பக்கத்தில்தானே நின்றாய். "எங்க மாமா பொய் சொல்றாருங்க" என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் என் மானம் பிழைத்திருக்கும், உன் மெஸ்ஸும் பிழைத்திருக்கும். தினமும் காலையில் நான் அந்த அண்டாவைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பதை நீ பார்த்ததில்லையா? தேய்த்துத் தேய்த்து அது முகம் பார்க்கும் கண்ணாடியாகி, விஜயராணி அதில் பொட்டு வைத்துக்கொண்டு போவாளே! உனக்குத் தெரியும். தெரிந்தும், கழுவாத பாத்திரத்து அழுக்குச் சாற்றைக் கொட்டுகிற மாதிரி கொட்டினாய். கொட்டிவிட்டுக் கையை வேறு கழுவினாய். அதை நான் பார்த்தேன்.

அம்மை போட்டு எழுந்தபோது முதலில் உன் வாய்க்குள் இறங்கியது அந்தச் சாறுதான். உன்னைப் பெற்றவளுக்கே அன்று அடுப்படிக்கு வரத் தெம்பில்லை. இதில் சிறுத்தை கிடையாது, போய்க் கேட்டுப் பார்.

நீ என்னைப் பொய்யன் என்று சொல்லாததுதான் என்னால் மன்னிக்க முடியாத குற்றம்.

ஆத்தப்பன்

*

திருப்பூர்
22 பிப்ரவரி 2025

மாமாவுக்கு,

மேனேஜர் என் காதுக்குள் "இப்பவே நிறுத்து, அவர் பாக்கற மாதிரி நிறுத்து" என்றார். கவிழ்த்து நிறுத்தினேன். சூடான அண்டா கையில் பட்டது. அதனால்தான் தண்ணீரில் கையைக் காட்டினேன். கொப்புளம் இப்போதுதான் ஆறுகிறது. நீங்கள் எல்லாவற்றையும் பார்த்தீர்கள், அதை மட்டும் பார்க்கவில்லை.

பொய்யன் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நரைத்த தலையோடு துண்டை உதறிக்கொண்டு நிற்கிற மனிதரை, அவர் சமைத்ததைக் குடித்துக்கொண்டிருக்கிறவர்கள் முன்னால், பொய்யன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தப்புதான். அடுத்த முறை தாராளமாகச் சொல்கிறேன்.

இங்கே நடப்பதையும் கேளுங்கள். கம்பெனி இப்போது பாக்கெட் சூப்புத் தூள் அனுப்புகிறது. மக்காச்சோள மாவும் உப்பும் மஞ்சள் கலரும். முதல் நாள் எல்லோரும் குடித்தார்கள். இப்போது டம்ளரோடு அப்படியே வைத்துவிட்டுப் போகிறார்கள். கருத்தம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "எந்தாயி, எங்கூர்ல இத வச்சு செவுத்துல நோட்டீசுதான் ஒட்டுவாக" என்கிறாள். தோலும் தண்டும் தினமும் டிரம் டிரம்மாக வெளியே போகின்றன. மூடியைத் திறந்தால் நாற்றம். போன வாரம் மேனேஜர் அதையும் பார்த்து, கழிவு அதிகமாக இருக்கிறதே, குறைக்க வேண்டும் என்றார். எந்தச் சுவரில் நான் முட்டிக்கொள்ள?

ஒரே வழி இருக்கிறது. சொன்னவரே எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்வார்களாம். மேனேஜர் டைப் அடித்துக் கொடுத்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றே வரி. பாத்திரம் கழுவாதது என்று சொன்னது பொய். பழைய சாறு என்று சொன்னது பொய். தோல், தண்டு முதலியவற்றைச் சாற்றில் போட்டேன் என்று சொன்னதும் பொய்.

கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். உங்களைக் கெஞ்சவில்லை. நீங்கள் உடைத்ததை நீங்கள் ஒட்டவைக்கச் சொல்கிறேன்.

தரணி

*

குண்டடம்
26 பிப்ரவரி 2025

தரணி,

முதல் வரி பொய்தான். கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது வரி பெரும் பொய். அதற்கு இரண்டு கையெழுத்துப் போட்டேன், இடம் இருந்திருந்தால் பெருவிரல் ரேகையும் வைத்திருப்பேன். மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது.

தோலும் தண்டும் போட்டது உண்மை. என் வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைகளே கொஞ்சம், விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றைப் பிடித்துப் பொய் என்று எழுதச் சொல்கிறாயே! பொய்யை மெய் என்று சொல்ல என் நாக்கு எந்த நேரமும் தயார். மெய்யைப் பொய் என்று எழுத இந்தக் கை வராது.

எனக்கு இன்னொன்று புரியவில்லை. உன் கம்பெனி மேனேஜரிடம் கேட்டு எழுது. கட்டிங் டேபிளில் வெட்டி விழுகிற பனியன் துண்டையெல்லாம் மூட்டை கட்டி என்ன செய்கிறீர்கள்? கிழித்துப் பஞ்சாக்கி, பஞ்சை நூலாக்கி, நூலை மறுபடி பனியனாக்கி, அதில் பச்சை இலை படம் போட்ட அட்டையைத் தொங்கவிட்டு, பழையதிலிருந்து பிறந்த புதியது என்று அதே வெளிநாட்டுக்காரனிடம் கூடுதல் விலைக்கு விற்கிறீர்கள். அவன் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குகிறான். வெட்டி விழுந்த துணி உடம்புக்கு ஆகும், வெட்டி விழுந்த அரசாணிக்காய்த் தோல் வயிற்றுக்கு ஆகாதா? இதை நினைத்தால் எனக்கு வருகிற கோபத்தில் வீட்டுக் கூரை ஓர் அடி மேலே போய்த் திரும்ப உட்காருகிறது. பக்கத்துத் தோட்டத்து அய்யாசாமி பார்த்துவிட்டு, காற்றாலைதான் கழன்றுவிட்டது என்று ஓடினார்.

தோல் அழுக்கு என்றால் கழுவு. தண்டு முற்றல் என்றால் நாரை உரி. இதைச் செய்யச் சோம்பல்பட்டவன்தான் கழிவு என்று பெயர் வைத்தான். நாளைக்கே நீ அந்த ஆடிட்டரைக் குண்டடத்துக்குக் கூட்டி வா. அவர் முன்னால் தோலைக் கழுவுகிறேன், அவர் முன்னால் வேகவைக்கிறேன், அவர் முன்னால் குடிக்கிறேன். மூன்றாவது வரியை அவர் என் கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்டாலும் போடமாட்டேன்.

காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது வரியை அடித்திருக்கிறேன், அழுத்தமாகவே. பின்பக்கம் வரைக்கும் இறங்கியிருக்கும்.

ஆத்தப்பன்

*

திருப்பூர்
3 மார்ச் 2025

மாமாவுக்கு,

அடித்த காகிதத்தை மேனேஜர் வாங்கவில்லை. மூன்று வரிக்கும் சேர்த்துக் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் வேண்டாம் என்றார்.

இனிமேல் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். கடிதமும் வேண்டாம். பத்தாம் தேதி அவர் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்கு உங்கள் ஒரே உண்மை முக்கியம். வைத்துக்கொள்ளுங்கள். நான் செக்கிங் டேபிளுக்குப் போனால் அங்கிருந்து உங்களுக்கு ஒரு பனியன் அனுப்புகிறேன், ஓட்டை இருந்தால் நான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தரணி

*

திருப்பூர்
11 மார்ச் 2025

மாமா,

உங்களிடமிருந்து பதிலே வரவில்லை. கோபித்துக்கொண்டீர்கள் என்று நினைத்தேன். என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. உங்கள் கூரைக் கதையை விட்டுவிட்டு மற்றதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கருத்தம்மா வேறு, "அந்த மனுசன் கதை விட்டா விட்டுட்டுப் போறாரு. தோலு என்னத்தா பாவம் பண்ணுச்சு?" என்று கரண்டியும் கையுமாகக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தேன். சாற்றை மறுபடி அடுப்பில் ஏற்றுவேன், எதையும் மறைக்கப்போவதில்லை.

நேற்று ஆடிட்டர் வந்ததும் நானே கிச்சனுக்குக் கூட்டிப்போனேன். மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. அண்டாவைக் காட்டினேன். தோலை உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் கருத்தம்மா அலசுவதைக் காட்டினேன். "ஆமாங்க, தோலுந்தான் போடறோம், தண்டுந்தான் போடறோம். இது கழிவு இல்லீங்க, காயிங்க. நான் சின்னதுல இருந்து இதக் குடிச்சுத்தான் வளந்தேன்" என்றேன். கட்டிங் துணியைப் பற்றி நீங்கள் எழுதியதையும் அப்படியே சொன்னேன். உங்கள் வாதத்தைத் திருடியதற்கு நீங்கள் தனியாகக் கோபித்துக்கொள்ளலாம். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். விஜயராணி எனக்காக இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தே சொன்னாள் என்று நினைக்கிறேன்.

அப்போது மேனேஜர் ஒரு பதிவுத் தபாலை எடுத்து மேசையில் வைத்தார். அன்று காலைதான் வந்ததாம். விஜயராணியைப் பிரித்து உரக்கப் படித்து இங்கிலீஷிலும் சொல்லச் சொன்னார்.

"ஆத்தப்பன் ஆகிய நான் ஒரு பிறவிப் பொய்யன். அண்டா பற்றிச் சொன்னது பொய். அமராவதி டேம் பற்றிச் சொன்னது பொய். தோல், தண்டு, வேர், காம்பு எதையும் ஒருநாளும் சாற்றில் போட்டதில்லை. அவை அத்தனையையும் என் மாட்டுக்குக் கொண்டுபோனேன். என் அக்கா மகளுக்கு இதில் எதுவும் தெரியாது."

கீழே உங்கள் கையெழுத்து. கோணல் இல்லாமல்.

உங்களிடம் மாடு ஏது மாமா?

கழுத்தில் கத்தி வைத்தாலும் போடமாட்டேன் என்றீர்களே! நான் உங்கள் உண்மையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறேன், நீங்கள் எனக்காக ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து அதன்மேல் போடுகிறீர்கள். ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? நான் வேண்டாம் என்றால் நின்றுவிடுவீர்களா நீங்கள்? என்றைக்கு நான் சொன்னதைக் கேட்டிருக்கிறீர்கள்?

ஆடிட்டர் காகிதத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். விஜயராணி என் பக்கம் குனிந்தாள்.

"யாரு சொல்லுதது பொய்னு கேக்காருக்கா."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் சொல்லிவிட்டேன், மாமா.

"எங்க மாமன் சொல்றதுதானுங்க பொய். பொறந்ததுல இருந்து பொய்தானுங்க சொல்றாரு. எங்கூட்டுல அவரு பேச்ச ஒருத்தரும் நம்பறதில்லீங்க."

கருத்தம்மாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் வரிசையில் நின்ற பிள்ளைகள். விஜயராணி சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆடிட்டர் சிரிக்கவில்லை. போன முறை எழுதியதைத் தேடி எடுத்து முதல் இரண்டு குற்றத்தையும் அடித்தார். மூன்றாவதற்கு, தோலையும் தண்டையும் கழுவி அன்றன்றே சமைத்தால் தடையில்லை, கழுவும் முறையைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும் என்று எழுதினார். பிறகு ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். இந்த முறை எப்படிச் செய்கிறீர்கள் என்று யாரையும் கேட்கவில்லை.

மெஸ் என்னிடமே இருக்கிறது. அடுத்த ஆடிட் வரைக்கும்.

எல்லோர் முன்னாலும் உங்களைப் பொய்யன் என்றேன், நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. எனக்குத்தான் ஆறவில்லை. எதற்காக அந்த மூன்றாவது வரியைப் போட்டீர்கள்? பதில் எழுதுங்கள். சிறுத்தை வேண்டாம்.

இன்று வைத்த சாற்றைக் கருத்தம்மா உங்களுக்குக் கொடுத்தனுப்பச் சொன்னாள். அவள் தன் தெற்கத்தி ஊர்ப்பக்கம் செய்கிற மாதிரி தோலை எண்ணெயில் வதக்கிவிட்டு வேகவைக்கிறாள். "பெரியவரு என்ன சொல்றாருன்னு பாப்போம்" என்றாள். தாராபுரம் பஸ் கண்டக்டர் சின்னானிடம் இந்தக் கடிதத்தோடு தூக்குப்போசியும் இருக்கிறது. போசி மெஸ் கணக்கு, திருப்பி அனுப்புங்கள்.

தரணி

*

குண்டடம்
15 மார்ச் 2025

தரணிக்கு,

என் வாதத்தைத் திருடினாய். என் பொய்யைப் பொய் என்று நிரூபித்தாய். என் அண்டாவை ஒரு தென்னாட்டுக்காரி கையில் ஒப்படைத்தாய். போதாததற்கு அவள் வைத்ததை எனக்கே அனுப்பி அபிப்பிராயம் கேட்கிறாய். ஒரு மனிதனை இத்தனை பக்கத்திலிருந்தும் அடிக்க உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மூன்றாவது வரியை ஏன் போட்டேன் என்று கேட்டாய். பேனா வழுக்கிவிட்டது. அன்று குண்டடம் தபால் ஆபீசில் காற்று பலம். வழுக்கிய பேனா அதுவாக ஒரு பக்கம் எழுதி, அதுவாக உறையில் போட்டு, அதுவாக ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டது. இதற்கு மேல் கேட்காதே.

இப்போது அந்தத் தூக்குப்போசி விவகாரம்.

சின்னான் அதைப் பஸ்ஸிலிருந்து இறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இதில் ஏதோ சரியில்லை என்று. தோலை வதக்குவதாம்! கொள்ளுத் தண்ணீரின் மானம் என்ன ஆவது? மூடியைத் திறந்தேன். திறந்த வேகத்தில் ஆவி எழும்பிக் காற்றாலைகள் எல்லாம் எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தன. மின்சாரம் வந்த வழியே திரும்பிப் போனது. தாராபுரம் முழுக்க விளக்கு அணைந்து, பல்லடத்தில் பட்டப்பகலில் டபுள் வெளிச்சம். காக்கை ஒன்று மேலே பறந்துகொண்டிருந்தது, வாசனை பட்டதும் நடுவானில் நின்று, இது எந்த ஊர்ச் சாறு என்று சுத்தமான தென்பாண்டித் தமிழில் கேட்டது. என்னிடம் இல்லாத என் மாடு கொட்டகையை உடைத்துக்கொண்டு ஓடிவந்து, முதலாளி, நீங்கள் இத்தனை வருடமாகப் போட்டது எல்லாம் என்ன என்று முறைத்தது. மாட்டோடு பேசுகிற நிலைமைக்கு நான் இன்னும் வரவில்லை.

ஒரு நீதிபதியின் கடமையாக, வேறு எந்த ஆசையும் இல்லாமல், ஒரே ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டேன். மிளகு காரம் உச்சந்தலையில் ஏறி, வெளியே குதித்து, வேலி தாண்டி அய்யாசாமி தோட்டத்தில் போய் விழுந்தது. தென்னை ஓலை கருகியது. பூண்டு என் காது இரண்டையும் பிடித்து முறுக்கியது. உப்பு சரியாக இருந்தது. வதக்கின தோல் தொண்டையில் இறங்கும்போது ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கியது. மிச்சத்தை அப்படியே பாறையில் ஊற்றிவிட்டேன். பாறை இப்போது தளிர்விட்டிருக்கிறது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது, இரண்டு பேர் மஞ்சள் பூசிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

போசியைச் சின்னானிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நான் நேரில் கொண்டுவருவேன் என்று கனவு காணாதே. என் கோபம் ஆற இன்னும் ஒரு மழைக்காலம் வேண்டும். அந்தக் கருத்தம்மாவிடம் சொல், ஆத்தப்பன் கடும் ஆத்திரத்தில் இருக்கிறார் என்று.

நீதான் ஊரறிய என்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டாயே, அதனால் மேலே எழுதியதில் எதையும் நீ நம்ப வேண்டியதில்லை. காற்றாலை பொய். காக்கை பொய். மாடு பொய். தென்னை ஓலை, தளிர்விட்ட பாறை, அங்கே ஊற்றிய மிச்சம், ஒரே ஒரு கரண்டி, எல்லாம் பொய்.

உப்பு சரியாக இருந்தது. அது மட்டும் நிஜம்.

ஆத்தப்பன்